மாமனார் பெயரில் ஒரு மென்பொருள்

அந்த வீட்டில் எல்லாமே மாமனார் பெயரில்தான் இருந்தது. மின் இணைப்பு அவர் பெயரில். தண்ணீர் இணைப்பு அவர் பெயரில். எரிவாயு, தொலைபேசி, சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டை, எல்லாம் அவர் பெயரில். வீட்டில் ஒரு நாய் இருந்த காலத்தில் அதன் தடுப்பூசி அட்டையில்கூட உரிமையாளர் என்று அவர் பெயரைத்தான் எழுதினார்கள். நாய்க்கும் அவருக்கும் ஆகவே ஆகாது என்பது வேறு விஷயம்.

மனிதர் முப்பத்திரண்டு வருஷம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். வீடு வீடாகப் போய், அட்டையில் இருக்கிற பெயரையும் வீட்டில் இருக்கிற ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாத வீடுகள் எதுவும் உருப்பட்டதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். "குடும்பத் தலைவர் பேர்ல இருக்கணும், அதான் முறை" என்பார். மகன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன், அப்பா முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். எந்தப் படிவத்தைக் கையில் கொடுத்தாலும் கை தானாக அப்பா பெயரை எழுதிவிடும்.

இந்தப் பழக்கம்தான் கடைசியில் லேபிளக்காவின் கழுத்தைப் பிடித்தது.

லேபிளக்கா அந்த வீட்டு மருமகள். நாற்பத்தைந்து வயது. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் லேபிளக்காதான். தபால்காரர்கூட அப்படிக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். சமையலறைக்குப் பின்னால், முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஜன்னல் விளிம்பு முழுக்கக் காலிப் பாட்டில்கள். தேன் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், தரை துடைக்கிற திரவப் பாட்டில், பசை டப்பா, ஷூ பாலிஷ் டப்பா. ஒவ்வொன்றின் இடுப்பையும் நூலால் சுற்றி அளந்து, தையல்காரர் சட்டை வெட்டுவது போல அதற்கு லேபிள் வரைவது அவள் வேலை. கேட்டால் சின்ன வேலையாகத் தெரியும். நூல் கொஞ்சம் தளர்ந்தால் லேபிளின் இரண்டு ஓரமும் சேராமல் நடுவில் கண்ணாடி பல்லிளிக்கும். கொஞ்சம் இறுகினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எடை போட்ட இடம் மறைந்துபோகும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நிறத்தை வழிய விட மறந்தால், அச்சகத்தில் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். வாடிக்கையாளர் அந்த வெள்ளைக்கோட்டைப் பற்றி ஒரு வருஷம் பேசுவார்.

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. புது லேபிள் வரைந்து யாரும் பிழைப்பதில்லை. பழைய லேபிளில் தொலைபேசி எண்ணை மாற்றித்தான் பிழைக்கிறார்கள். ஏழு வருஷம் எட்டிப் பார்க்காத ஷூ பாலிஷ்காரர் ஒரு நாள் கூப்பிடுவார். "அக்கா, எல்லாம் அப்படியே இருக்கட்டும். போன் நம்பர் மட்டும் மாத்திக் குடுத்துடுங்க." அப்போது ஏழு வருஷத்துப் பழைய கோப்பு திறக்க வேண்டும். அவளிடம் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தன. எல்லாம் ஒரே ஒரு மென்பொருளில் வரைந்தவை, அதில் மட்டுமே திறப்பவை. அது திறக்காத நாள் வந்தால் லேபிளக்கா வெறும் அக்காதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மென்பொருளை வாங்க அவள் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரே தடவை பணம், பிறகு ஒரு பேச்சு இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. காசு கொடுத்தால் சாமான் நம்முடையது, கதை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி அவள். வாங்கிய அன்று கணினி பெயர் கேட்டபோது அவள் வாசலில் பாட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பார்த்தால் கணவன் படிவத்தை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் மாமனார் பெயர் உட்கார்ந்திருந்தது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வளையல் யாருது?"

"உன்னுதுதான்."

"வேலை பார்க்கப்போறது யாரு?"

"நீதான். பேர் யாருதா இருந்தா என்ன? ஒரு மரியாதைக்குப் போட்டேன்."

அன்றைக்கே ஒரு தேன் பாட்டில் லேபிள் கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் சண்டையைத் தள்ளி வைத்தாள். தள்ளி வைத்தது பதினோரு வருஷம் கிடந்தது.

பிறகு கம்பெனிக்காரனுக்குப் புத்தி மாறியது. இனி யாருக்கும் மென்பொருளை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுவது என்று தீர்மானித்தான். மாதா மாதம் கட்டணம். கட்டாத மாதம் கதவு திறக்காது. தெரிந்த வரைகலைக்காரர்கள் எல்லோரும் புலம்பிக்கொண்டே கட்டினார்கள். லேபிளக்கா மட்டும் குதித்தாள். "நான் வரைஞ்சதை நான் தொறந்து பார்க்கறதுக்கு இவனுக்கு எதுக்கு மாசாமாசம் தண்டம் அழணும்? நாளைக்கு என் மூக்குக்கண்ணாடிக்கும் வாடகை கேப்பானா?" அவள் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு நாள் அவளுக்கும் கடிதம் வந்தது. பழைய வாடிக்கையாளர்களைக் கம்பெனி மறக்கவில்லையாம். ஒரே தடவையில் வாங்கியவர்கள் மாதக் கட்டணம் கட்ட வேண்டாமாம். அவர்கள் பதினோரு வருஷத்துக்கு முன்பு படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் நாற்பத்தொன்றாம் பிரிவின்படி, எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் உயிரோடு இருக்கும் வரை மென்பொருள் வேலை செய்யும். பெயரை மாற்ற முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் கம்பெனியின் பிரதிநிதி முன் காணொளியில் தோன்றி, தாம் உயிரோடு இருப்பதையும் மென்பொருளைத் தாமே கையாள்வதையும் காட்ட வேண்டும். தவறினால் அன்றோடு சரி.

படித்து முடித்ததும் லேபிளக்கா கடிதத்தை மடித்து வைத்தாள். மெல்ல எழுந்து போய் முன்னறையை எட்டிப் பார்த்தாள். மாமனாருக்கு எழுபத்தொன்பது வயது. சர்க்கரை உண்டு. இரத்த அழுத்தம் உண்டு. செய்தித்தாளுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் ஒரு சிகரெட்டும் உண்டு. நாலாயிரம் கோப்புகளின் ஆயுளும் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீரில் கேக்கைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். மாமனாரும் மருமகளும் ஆறு வருஷமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. ஊரிலிருந்து வந்த தங்கையிடம் அவர், "மருமக என்ன பண்றான்னு கேக்கறியா? பாட்டில்ல பேப்பர் ஒட்டற வேலை" என்று சொன்னதை இவள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எல்லாம் ஜாடைப் பேச்சுதான். சாப்பாடு தயாரானால், "யாருக்காவது பசிச்சா வரலாம்" என்று குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். அவரும், "உப்பு கம்மின்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்" என்று மின்விசிறியிடம் சொல்வார். நடுவில் லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.

மறுநாள் காலை லேபிளக்கா அவர் எதிரே போய் நின்றாள். கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு வேகவைத்த முட்டை.

"மாமா, சர்க்கரைக்கு மாத்திரை போட்டாச்சா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "என்னையா கேக்கறே?"

"உங்களைத்தான். முட்டையைச் சாப்பிட்டுட்டு எழுந்திருங்க. நடக்கப் போலாம்."

கிழவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆறு வருஷம் பேசாத மருமகள் முட்டையோடு வந்து மாமா என்கிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். போன வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏதோ வந்திருக்கிறது, எல்லோரும் மறைக்கிறார்கள். அன்று முழுக்க முகம் வெளிறிப்போய் இருந்தார். தங்கைக்குப் போன் போட்டுப் பழைய சண்டை ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டார். எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய குடையைப் பதினான்கு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். மகன் வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறைக்காம சொல்லுடா. எனக்கு என்ன வந்திருக்கு?"

மகன் தலையைச் சொறிந்தான். பிறகு நாற்பத்தொன்றாம் பிரிவைச் சொன்னான்.

"சாஃப்ட்வேரா?"

"ஆமாம்பா. நீங்க இருக்கற வரைக்கும்தான் அது ஓடும்."

கிழவர் மகனின் கையை விட்டார். பிறகு முகத்தில் உயிர் வந்தது. "நான் சொல்லலை? குடும்பத் தலைவர் பேர்ல இருக்கணும்னு?"

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்றார், கிடைத்தது. தொலைக்காட்சியின் ரிமோட் நிரந்தரமாகத் தன்னிடம் இருக்க வேண்டும் என்றார், அதுவும் கிடைத்தது. ஏதாவது மறுத்தால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஒரு நாள் கேக் கேட்டார். லேபிளக்கா முடியாது என்றாள். அவர் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்து, பரணில் இருக்கிற பெட்டியை இறக்கப்போவதாகச் சொல்லி நான்கு படி ஏறிவிட்டார்.

"மாமா, இறங்குங்க!"

"கேக்?"

"பாதி."

அவர் இன்னொரு படி ஏறினார்.

"முழுசா தரேன், இறங்கித் தொலைங்க!"

லேபிளக்காவும் சளைத்தவள் இல்லை. சிகரெட்டைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டாள். சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூங்காவில் ஆறு சுற்று, தினமும். ஐந்தாவது சுற்றில் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், "நாலாயிரம் கோப்பு மாமா, எழுந்திருங்க" என்பாள். நடக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கணவன் காய்ச்சலில் படுத்தபோது அவனுக்கு ஒரு மாத்திரையும் ஒரு போர்வையும்தான் கிடைத்தன. "நானும் உன் புருஷன்தானே" என்று முனகினான். "உங்க பேர்ல எதுவும் இல்லையே" என்றாள். அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

உயிரோடு வைத்திருப்பது பாதி வேலை. மென்பொருளைக் கையாள வைப்பது மீதி. காணொளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கணினியின் சுட்டியைக் கிழவர் உயிருள்ள எலியைப் பிடிப்பது போலப் பிடித்தார். ஒரு சதுரம் வரையச் சொன்னால் அது திரையின் இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலையில் ஓடி ஒளிந்தது. லேபிளக்கா பல்லைக் கடித்தாள். அவர் சலித்துக்கொண்டார். "சதுரம் எல்லாம் எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சதைப் போடறேன்" என்றார்.

நாள் வந்தது. கம்பெனியின் பிரதிநிதி திரையில் தோன்றினார். கழுத்தில் சிவப்பு டை, பின்னால் ஒரு பூந்தொட்டி. இவர்கள் அவருக்கு டைக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

"ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இல்லாமலா பதில் சொல்றேன்?"

"மன்னிக்கணும், கேக்கணும்னு விதி. இப்போ ஏதாவது ஒண்ணு வரைஞ்சு காட்டுங்க."

கிழவர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஐந்து சின்ன வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு முள், கீழே ஒரு எண். பழைய மின்சார மீட்டர். கோணல்மாணலாக இருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்தது. டைக்காரர் வாயைப் பிளந்தார். "எங்க தாத்தா வீட்ல இது இருந்தது சார்" என்றார். ஆறு மாதம் நீட்டித்துக் கொடுத்தார்.

சனியன் அன்றைக்குத்தான் பிடித்தது. கிழவருக்கு ருசி கண்டுவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து லேபிளக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எழுந்திரும்மா."

"எதுக்கு?"

"என் பேர்லதானே இருக்கு? நானும் கொஞ்சம் போடறேன்."

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏணி ஞாபகம் வரும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் நேரம் என்று ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் நூலை வைத்துக்கொண்டு பாட்டில்களை அளந்தாள், கிழவர் வீட்டுக்கு லேபிள் போட்டார். மீட்டர் அட்டை எழுதிய கை. எதைப் பார்த்தாலும் விவரம் எழுதிவிட வேண்டும். மின்விசிறியில், "இது ஓடும், சத்தம் போடும், பயப்பட வேண்டாம்." குளியலறைக் குழாயில், "இடது பக்கம் திருப்பவும், பலமாக." பீரோவில், "இதற்குள் சர்க்கரை உள்ளது, சாவி மருமகளிடம்." மகனின் சாப்பாட்டு டப்பாவில், "உரிமையாளர்: லிஃப்ட் மெக்கானிக், எடை: எண்பத்தொரு கிலோ." மகன் அதை வேலை இடத்துக்கு எடுத்துப்போய் அவமானப்பட்டு வந்தான்.

உப்பு ஜாடியில்தான் அவர் மாட்டிக்கொண்டார். கழுத்து குறுகி வயிறு அகன்ற ஜாடி. நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தார். ஒட்டிப் பார்த்தால் மேலே சுருங்கியது, கீழே விரிந்தது, எழுத்து சறுக்கிக்கொண்டு போனது. பிரித்தார், அளந்தார், மறுபடி வரைந்தார். ஐந்தாம் நாள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். லேபிளக்கா நூலை எடுத்து ஜாடியின் வயிற்றில் ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று வைத்துக் காட்டினாள். "இதுக்கு நேர்க்கோடு ஆகாது மாமா. வளைவா வெட்டணும், விசிறி மாதிரி."

அன்று மத்தியானம் அவர் தங்கையோடு போனில் பேசுவது சமையலறை வரை கேட்டது. "அன்னிக்கு நான் உங்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அது பேப்பர் ஒட்டற வேலை இல்ல. நான் அஞ்சு நாளாத் திணறினேன், அவ ஒரு நிமிஷத்துல பார்த்துச் சொல்லிட்டா. வேலை தெரிஞ்சவம்மா அவ." லேபிளக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது. ஆறு வருஷமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அதை நேரே சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்குப் பீரோவைத் திறந்து அவர் தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

இரண்டாவது காணொளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிழவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி இருக்கு என்றபோது யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. அதை நினைத்து அப்புறம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருமல், இருமல், இருமல். மூன்று நாள் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இருமலுக்கு நடுவே, "டைக்காரர் என்னிக்கு வரார்?" என்று மட்டும் கேட்பார். "அதை விடுங்க மாமா" என்பாள். ஆனால் அவளால் விட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காணொளியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். நாற்பத்தொன்றாம் பிரிவில் நோய் பற்றி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கணவனிடம் சொல்லித் தெரிந்தவரிடம் ஒரு மடிக்கணினி இரவல் வாங்கி, அதிலிருந்தே வீட்டுக் கணினியை இயக்குகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு வட்டம் போட்டால் போதும். ஒரே ஒரு வட்டம்.

காணொளி நாளன்று காலை பத்தரை மணிக்குக் கிழவர் தூங்கிப்போனார். இருமல் நின்றது. முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் தளர்ந்தது. மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா. இந்தத் தூக்கம்தான் வேணும். எழுப்பிடாதீங்க" என்று சொல்லிப் போனார். பதினோரு மணிக்கு மடிக்கணினி மணியடித்தது. லேபிளக்கா பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். அதே சிவப்பு டை, அதே பூந்தொட்டி.

"வணக்கம் மேடம். ஐயா எங்கே?"

அவள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். "தூங்கறாரு" என்று கிசுகிசுத்தாள்.

டைக்காரரும் கிசுகிசுத்தார். "எழுப்புங்க மேடம். ரெண்டு நிமிஷம் போதும்."

"மூணு நாளாத் தூங்கலை. இப்பதான் தூங்கினாரு."

"அவர் உயிரோட இருக்கேன்னு சொல்லணும். ஒரு கோடாவது போடணும்."

"பாருங்களேன், நெஞ்சு ஏறி இறங்குதே."

"நான் பார்க்கறேன் மேடம். ஆனா மூச்சு விடறார்னு குறிக்க எங்கிட்ட இடம் இல்ல. ஆம், இல்லை, ரெண்டுதான் இருக்கு. தூங்கறார்னு மூணாவது இல்ல." அவருக்கும் வியர்த்திருந்தது. "பதினொண்ணேகாலுக்கு இந்தப் பக்கம் தானா மூடிக்கும்."

லேபிளக்கா கிழவரின் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். தொட்டால் போதும், எழுந்துவிடுவார். எழுந்து இருமிக்கொண்டே வட்டம் போடுவார், அதுவும் சந்தோஷமாகப் போடுவார். ஏழு வருஷத்துப் பழைய ஷூ பாலிஷ் டப்பாவை நினைத்தாள், தேன் பாட்டிலை நினைத்தாள், கழற்றிக் கொடுத்த வளையல்களை நினைத்தாள். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போர்வை கொஞ்சம் விலகியிருந்தது, அதை மட்டும் இழுத்துவிட்டாள்.

"எழுப்ப மாட்டேன்" என்றாள். "நீங்க மூடிக்கோங்க."

அவர் மாலையில் கண் விழித்தார். "டைக்காரர் வந்தாரா?"

"வந்தார்."

"நான் என்ன போட்டேன்?"

"ஒண்ணும் போடலை. தூங்கிட்டிருந்தீங்க. போயிடுச்சு மாமா."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒரு தட்டு தட்டியிருக்கலாமே. எழுந்திருப்பேனே." பிறகு, கொஞ்சம் தயங்கி, "அப்போ நாளையிலேர்ந்து முட்டை கிடையாதா?" என்றார்.

"வாயை மூடிட்டு இந்த சூப்பைக் குடிங்க" என்றாள் அவள். அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

வீட்டுக்கு வந்த மறு வாரம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆம் என்று குறிக்க முடியாததால் டைக்காரரின் இயந்திரம் இல்லை என்று தானே குறித்துக்கொண்டிருந்தது. "தங்கள் குடும்பத் தலைவரின் மறைவு எங்களுக்கு ஆழ்ந்த துயரத்தை அளிக்கிறது. அன்னார் பதினோரு ஆண்டுகள் எங்கள் மென்பொருளை நேசித்தவர். இத்துயர வேளையில் அன்னாரின் குடும்பத்துக்கு மாதக் கட்டணத்தில் ஆயுள் முழுதும் பாதி தள்ளுபடி வழங்குகிறோம்." கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, "மறைவை உறுதி செய்து பாதிக் கட்டணத்தில் தொடர்கிறேன்." இன்னொன்று, "முழுக் கட்டணத்தில் தொடர்கிறேன்."

கிழவர் தன் இரங்கல் செய்தியை மூன்று தடவை படித்தார். உச்சி குளிர்ந்துவிட்டது. "அன்னார்ங்கறான் பாரு. என்னை இதுவரைக்கும் யாருமே அன்னார்னு சொன்னதில்ல." பிறகு சட்டென்று முகம் சுருங்கியது. "ஆனா செத்ததுக்குப் பாதிதான் குறைச்சானா? முழுசா விட்டிருக்கலாமே."

அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்கிற திரவக்காரர் போனில் வந்தார். அதே லேபிள்தான், போன் நம்பர் மட்டும் மாறியிருக்கிறது, மத்தியானம் அச்சுக்குப் போகணும் அக்கா. லேபிளக்கா சரி என்று போனை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். சுட்டி முதல் பொத்தான் மேல் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"ஒரு பட்டன்தானே" என்றான் கணவன்.

"அமுக்கும்மா. நான் இங்கதானே நிக்கறேன்" என்றார் கிழவர். "ஆயுசுக்கும் பாதி. எவ்வளவு மிச்சம் தெரியுமா? உயிரோட இருந்து உனக்கு ஒண்ணும் செய்யலை. செத்தாவது செய்யறேனே."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. மருத்துவமனையில் ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் புறங்கையில் இருந்தது. மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தள்ளுபடியை எங்கே இவள் கோட்டை விட்டுவிடுவாளோ என்ற கவலையோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபிளக்கா இரண்டாவது பொத்தானை அழுத்தினாள்.

"என்னம்மா பண்ணினே?" கிழவர் பதறினார். "அது முழுசு! மாசாமாசம் முழுசு!"

"தெரியும்."

"ஏன்?"

"நீங்க இல்லைன்னு என் கையால அமுக்கச் சொல்றான் மாமா. என்னால முடியலை." அவள் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

"சரி, அந்த போன் நம்பரைச் சீக்கிரம் மாத்திட்டு எழுந்திரு" என்றார். "மணி பத்தாகப் போகுது."